அப்பா 51இல் போனார், எனக்கு இப்போது 39

கேள்வி: ஐயா, கடலூர் முதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 39. என் அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். நெஞ்சு எரிகிறது, வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. பெரியப்பாவும் 54இல் அதே மாதிரி. அம்மாவுக்கு 42 வயதிலிருந்து சர்க்கரை. அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாத சராசரி 6.1, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 168, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, ட்ரைகிளிசரைடு (இன்னொரு வகைக் கொழுப்பு) 210. பிரஷர் 138/88. எடை 74 கிலோ, உயரம் 168 செ.மீ., பேன்ட் சைஸ் 36. சிகரெட், குடி இல்லை. அப்பா சிகரெட் பிடிப்பார். டாக்டர் கொழுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் விடவே முடியாது என்று எல்லோரும் சொல்வதால் இன்னும் வாங்கவில்லை. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இரண்டையும் வைத்தே இதைத் தாண்ட முடியுமா? இல்லை, என்ன செய்தாலும் ரத்தத்தில் எழுதியது எழுதியதுதானா? மகனுக்கு 11 வயது. அவனுக்கும் இப்போதே பார்க்க வேண்டுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: எல்லாவற்றையும் விவரமாக எழுதிய நீங்கள், 'சிகரெட், குடி இல்லை. அப்பா சிகரெட் பிடிப்பார்' என்பதை மட்டும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் பேனாவால் கோடு போட்டது அந்த வரிக்குக் கீழேதான். அப்பாவுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற மிகப் பெரிய வித்தியாசம் அது. அதை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

புதுச்சேரியில் இருபத்தெட்டு வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். அப்பா இறந்த வயதை மனசில் வைத்துக்கொண்டு எண்ணுகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். அந்த வயது வரும் வருடம் ஈசிஜி எடுப்பார்கள். அது தாண்டியதும் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வருவார்கள். அதோடு பரிசோதனையும் நின்றுவிடும். நீங்கள் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே கேட்கிறீர்கள். ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது மெதுவாக நடக்கிற வேலை என்பதால் இந்தப் பன்னிரண்டு வருடம் உங்களுக்கு உண்மையிலேயே உதவும்.

சரி, ரத்தத்தில் எழுதியதா என்ற கேள்விக்கு வருவோம். 'குடும்பத்தில் வருகிறது' என்று நாம் சொல்வதில் இரண்டு சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று ஜீன். இன்னொன்று சமையல்கட்டு. அப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பிட்டிருந்தால் நீங்களும் அப்படித்தான் சாப்பிடுவீர்கள். அம்மா குழம்புக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினாரோ அந்த அளவுதான் உங்கள் வீட்டிலும் 'ருசி'. கடையைப் போலவே இதுவும் வாரிசு சொத்துதான். பத்திரம் மட்டும் கிடையாது.

1970களில் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நடத்திய கணக்கெடுப்பில் நம் நாட்டு நகரங்களிலேயே சர்க்கரை நோய் 2 சதவீதம் அளவில்தான் இருந்தது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆரின் 'இண்டியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வில் புதுச்சேரியில் மட்டும் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே நாங்கள்தான். கணக்கெடுத்த முறையும் வயதும் வேறு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஐம்பது வருடத்தில் ஒரு ஊரின் ஜீன் இவ்வளவு மாறாது. தட்டும் டூவீலரும் உட்காரும் நேரமும்தான் மாறின. உங்கள் தாத்தாவுக்கும் இதே ஜீன்தான் இருந்திருக்கும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, 'அப்போ ஜீன் ஒன்றும் இல்லை, நடந்தால் போதும்' என்று நான் முடித்தால் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் விரியுங்கள். அதில் இருக்கிற எண்கள் எல்லாம் ஒரே மாதிரி சொன்ன பேச்சு கேட்காது. ட்ரைகிளிசரைடு 210 இருக்கிறதே, அது மிகவும் நல்ல பிள்ளை. சோறு, சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம் குறைந்து, நடை கூடினால் ஆறேழு வாரத்திலேயே நன்றாக இறங்கிவிடும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112ம், சராசரி 6.1ம் கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், ஆனால் கேட்கும். இந்த அளவு சர்க்கரை நோய் கிடையாது, அதன் வாசற்படி. 6.5 தொட்டால்தான் உள்ளே வந்துவிட்டதாகக் கணக்கு. ஹெச்டிஎல் 34, ஆண்களுக்கு 40க்குக் கீழே இருந்தால் குறைவு. நடந்தால் ஏறும், அதுவும் கொஞ்சம்தான். எல்டிஎல் 168 பிடிவாதக்காரன். சாப்பாட்டில் மிகவும் கண்டிப்பாக இருந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும், அதாவது 145 பக்கம் வரும். அதற்குக் கீழே நடையால் கொண்டுவருவது கஷ்டம்.

அப்புறம், உங்கள் ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது. லிப்போபுரோட்டீன் லிட்டில் ஏ என்று பெயர். எல்டிஎல்லுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு கொழுப்புத் துகள். ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கும் என்பதை ஏறக்குறைய முழுக்க ஜீன்தான் முடிவு செய்கிறது. அது அதிகமாக இருப்பவர்களுக்கு இளவயதில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடும். நம் பக்கத்து மக்களிடம் அது அதிகமாகவே காணப்படுகிறது. நீங்கள் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரி வரை நடந்தே வந்தாலும் அது அசையாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது சேராது, லேபில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அப்பா, பெரியப்பா இரண்டு பேரும் 55க்கு முன்னால் போயிருப்பதால், உங்களுக்கு நான் முதலில் எழுதுகிற பரிசோதனை இதுதான். அது அதிகம் என்று வந்தால் உடைந்துபோக வேண்டாம். அதை இறக்க முடியாவிட்டாலும், இறக்கக்கூடிய மற்ற எல்லாவற்றையும் இன்னும் கறாராக இறக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

அம்மா, அப்பாவுக்கு அக்கா மகள் என்று எழுதியிருந்தீர்களே, நல்ல வேளை எழுதினீர்கள். பலர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. அப்பா பக்கம் இருக்கிற ஒரு பழுது அம்மா வழியாகவும் உங்களுக்கு வந்திருக்கலாம். 'அப்பா பக்கம்தான் இதயம், அம்மா பக்கம் பரவாயில்லை' என்று பாதி ஆறுதல் சொல்லிக்கொள்ள வழியில்லாத குடும்பம் உங்களுடையது. பிறவியிலேயே எல்டிஎல் எக்கச்சக்கமாக இருக்கும் குடும்பக் கொழுப்பு நோய் என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொதுவாக 190க்கு மேல் போகும்போது அதைச் சந்தேகிப்போம். உங்களுக்கு 168 என்பதால் அது இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கூடப் பிறந்தவர்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருந்தால், அவர்களை இந்த வாரமே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவோ தங்கையோ இருந்தால், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி பேன்ட் சைஸ் 36. பேன்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது. தொப்பை வந்த பிறகு நாம் எல்லோரும் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, 'பத்து வருடமாக அதே சைஸ்தான்' என்று பெருமைப்படுகிறோம். தையல்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் வைத்து, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளங்கள். வயிற்றை எக்கக் கூடாது. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை, பெண்களுக்கு 80. 36 அங்குலமே 91 சென்டிமீட்டருக்கு மேல். நீங்கள் அளந்தால் 97, 98 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இடுப்பு, ட்ரைகிளிசரைடு, ஹெச்டிஎல், பிரஷர், சர்க்கரை என்று ஐந்தில் மூன்று எல்லை தாண்டினாலே அதை வளர்சிதை மாற்றக் கோளாறு என்போம். உங்களுக்கு ஐந்தும் தாண்டியிருக்கிறது. கேட்க பயமாக இருக்கும். ஆனால் இந்த ஐந்துக்கும் அடியில் இருக்கிற வேர் ஒன்றுதான், வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு. நடையும் சாப்பாடும் நன்றாக வேலை செய்கிற இடமும் அதுதான்.

இதற்கு நல்ல சாட்சி நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, உங்களைப் போல வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தது. முடிவு 2006இல் வந்தது. ஒன்றும் மாற்றாமல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. 'ரெண்டு மாசம் நடந்தேன் சார், ஒரு கிலோகூட குறையல' என்று நடையை விட்டவர்கள் எத்தனை பேர்! எடை மெஷினில் தெரியாத வேலையும் உள்ளே நடக்கிறது.

இதயத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கா, ஸ்வீடன் நாடுகளில் 55,000 பேருக்கு மேல் ஜீனைப் பார்த்து, அவர்கள் வாழ்கிற விதத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஜீன் ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களில்கூட, புகை இல்லாமை, அதிக பருமன் இல்லாமை, உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு என்ற நான்கில் குறைந்தது மூன்றைக் கடைப்பிடித்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற ஆபத்து 46 சதவீதம் குறைந்திருந்தது. ஏறக்குறைய பாதி. நான்கில் ஒன்று உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் அந்தச் சிகரெட் வரிக்குக் கோடு போட்டேன்.

பாதி குறைகிறது என்றால் மீதிப் பாதி நிற்கிறது என்றும் அர்த்தம். அமெரிக்காவில் ஓட்டப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் ஜிம் ஃபிக்ஸ் என்று ஒருவர். அவருடைய அப்பா 43 வயதில் இதய நோயில் இறந்தவர். ஃபிக்ஸ் 35 வயதில் புகையை விட்டு, ஓட ஆரம்பித்து, எடையைக் குறைத்து, ஆயிரக்கணக்கானவர்களை ஓட வைத்தார். 1984இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது தெரிந்தது. 'பார்த்தீர்களா, ஓடினாலும் சாவுதான்' என்று டீக்கடையில் சொல்வதற்கு இந்தக் கதை வசதி. அவர் அப்பாவைவிட ஒன்பது வருடம் கூடுதலாக வாழ்ந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. அவர் காலத்தில் எல்டிஎல்லைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை கடைக்கு வரவில்லை, முதல் மாத்திரைக்கு 1987இல்தான் அனுமதி கிடைத்தது. உங்களுக்கு அது மருந்துக்கடையில் கிடைக்கிறது. வாங்காமல் வைத்திருக்கிறீர்கள்.

மாத்திரை விஷயத்தில், உங்களை நேரில் பார்த்த டாக்டர் பக்கம்தான் நிற்கிறேன். 40 வயதுக்குக் கீழே இருந்தாலும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்து எல்டிஎல் 160ஐத் தாண்டினால் ஸ்டாட்டின் கொடுப்பதை யோசிக்கலாம் என்று 2018இல் வந்த அமெரிக்க வழிகாட்டியே சொல்கிறது. அவர் பயமுறுத்தவில்லை, கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். 'ஆரம்பித்தால் விட முடியாது' என்பதற்கு அது போதை மாதிரி பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம் இல்லை. நிறுத்தினால் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அவ்வளவுதான். மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். சிலருக்குத் தசை வலி வரும். வாசற்படியில் இருக்கிற உங்களைப் போன்றவர்களுக்குச் சர்க்கரை லேசாகக் கூடவும் செய்யலாம். அப்படியும் இதயத்துக்குக் கிடைக்கிற லாபம் பெரியது. மாத்திரை போட்டால் நடக்க வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு அந்தச் சர்க்கரைக் கணக்கே காரணம். லிட்டில் ஏ பரிசோதனை முடிவோடு அதே டாக்டரிடம் போய்ப் பேசுங்கள்.

நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. யாரும் எழுத மாட்டார்கள். கேட்டால் 'அளவாகத்தான் சார்' என்பார்கள். போன வருடம் ஒரு நோயாளியின் மனைவி, அவருக்குக் கொடுக்க வைத்திருந்த டிபன் கேரியரோடு நேராக என் கிளினிக்குக்கு வந்துவிட்டார். என்னிடம் சமையல் தராசு ஒன்று உண்டு. எடுத்து வைத்தேன். சோறு 420 கிராம். கோஸ் பொரியல் 60 கிராம். ஒரு துண்டு மீன், குழம்பு, அப்பளம் இரண்டு. அந்தச் சோற்றில் மட்டும் மாவுச்சத்து 115 கிராமுக்கு மேல். அதையே தலைகீழாக மாற்றலாமே என்றேன். சோறு 200, காய் 200, மீன் இரண்டு துண்டு, இல்லை ஒரு கிண்ணம் பருப்பு. அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'சோத்தைக் குறைச்சா நான் சரியா கவனிக்கலைன்னு இவங்க அம்மா சொல்வாங்க டாக்டர்' என்றார். இருபத்தெட்டு வருடத்தில் உணவுக் கட்டுப்பாட்டின் உண்மையான தடையை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அடுத்த முறை மாமியாரையும் கூட்டிவரச் சொன்னேன். வந்தார். அவருக்கும் சர்க்கரை.

அதனால் உங்கள் அம்மாவிடமும் மனைவியிடமும் இந்தப் பேச்சை ஒன்றாக வைத்தே பேசுங்கள். தனித் தட்டு, தனிச் சமையல் எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. அம்மாவுக்கும் உங்களுக்கும் பையனுக்கும் ஒரே சாப்பாடுதான் வேண்டும். முதலில் காயைச் சாப்பிடுவது, பிறகு மீனோ பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே சோறு தானாகக் குறையும்.

மீன் விஷயத்தில் உங்கள் ஊருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. முதுநகர் துறைமுகத்தில் மத்தியும் காணாங்கெளுத்தியும் வஞ்சிரத்தின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். விருந்தாளிக்கு வைக்க கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்குகிற அந்த மீன்களில்தான் இதயத்துக்கு உகந்த ஒமேகா 3 கொழுப்பு நிறைய. வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். கருவாடு எனக்கும் பிடிக்கும். ஆனால் 138/88 பிரஷருக்குக் கருவாட்டின் உப்பு ஆகாது. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்த ஒரு மதியச் சாப்பாட்டிலேயே அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

எண்ணெய்க்கு நான் சொல்கிற கணக்கு, ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். மளிகைச் சீட்டைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் வாங்கினால் அது செக்கு எண்ணெயா, பாக்கெட்டா என்று விவாதிப்பதில் பிரயோஜனம் இல்லை. கடைக்கு வருகிறவர்களோடு குடிக்கிற டீயையும் எண்ணுங்கள். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ சர்க்கரை. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றுவதால் உடம்பு ஏமாறாது. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். கூடவே காயும் முட்டையும் வைத்து களியாக, அடையாகச் சாப்பிடலாம். பண்ருட்டிப் பலாச் சீசனில் நாலு சுளையோடு எழுந்துவிடுங்கள். முந்திரி வறுத்து உப்புப் போடாததாக, ஒரு சின்னக் கைப்பிடி.

நடை. கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள் என்று தெரியும். நிற்பது நடையில் சேராது, கால் வலிதான் மிச்சம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை என்பது குறைந்தபட்சம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். எங்கள் ஊரில் கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகள் வராமல் மூடுகிறார்கள். விடியற்காலையில் அங்கே என் நோயாளிகள் பாதிப் பேரைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் நடந்து 200 கலோரி பக்கம் செலவு செய்வார்கள். பிறகு பொங்கல் வடையில் உட்கார்ந்து அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரவு வைப்பார்கள். என்னைப் பார்த்ததும் வடை இலைக்கு அடியில் போய்விடும்.

விடியற்காலை நடை உங்களால் முடியாது என்றால் பரவாயில்லை. சாப்பிட்ட பிறகு நடங்கள், மூன்று வேளையும் பத்துப் பதினைந்து நிமிடம். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களுக்கு இன்சுலின் சுரக்கிறது, ஆனால் தசை அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை, கதவு இறுகிக் கிடக்கிறது. தசை சுருங்கி விரியும்போது மட்டும் இன்சுலின் தட்டாமலே அந்தக் கதவு திறந்து ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் தொடையைக் கொஞ்சம் வேலை வாங்கினால் அந்த ஏற்றம் அடங்கும். ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட்டதும் படுப்பதுதான் மிக மோசமான பழக்கம். முடிந்தால் ஏழரைக்கே கடைக்குச் சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு, கடை மூடியதும் வீட்டுக்கு நடந்தே போங்கள். வண்டியைக் கடை ஆள் எடுத்து வரட்டும்.

தசைக்கு வாரம் இரண்டு நாள் தனி வேலையும் வேண்டும். ஜிம் தேவையில்லை, உங்கள் கடையே போதும். நாலு லிட்டர் பெயின்ட் டப்பா ஐந்தாறு கிலோ இருக்கும். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்துத் தடவை. மூச்சு வாங்கினால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையோடு. ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு சில்வர் பீச்சில் மணலில் நடங்கள், மணல் காலை நன்றாக வேலை வாங்கும். ஆனால் முதல் மாதம் அவசரம் வேண்டாம். குடும்ப வரலாறு இப்படி இருக்கையில் எடுத்தவுடன் ஓடக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் வந்தால் அன்றே டாக்டர்.

அதோடு சேர்த்து இதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நெஞ்சு அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி வந்தால் சோடா வேண்டாம், படுக்கவும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். 2023லிருந்து தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. உங்கள் அப்பா காலத்தில் இது கிடையாது.

என் அப்பாவுக்கு 44 வயதில் சர்க்கரை வந்தது. எனக்கு இப்போது 58. இரண்டு வருடம் முன்னால் எனக்கும் வந்துவிட்டது. நோயாளிகளுக்குச் சொல்வதையெல்லாம் பெரும்பாலும் செய்தேன், நடுவில் ஒரு வருடம் முட்டிவலியைச் சாக்கு வைத்து நடக்காமலும் இருந்தேன். தாண்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பாவுக்கு 44இல் வந்தது எனக்கு 56இல் வந்தது. நடுவில் கிடைத்த பன்னிரண்டு வருடம் என் கண்ணும் சிறுநீரகமும் சர்க்கரையில் ஊறாமல் இருந்தன. நீங்கள் கேட்ட 'தாண்ட முடியுமா' என்பதற்கு என் நேர்மையான பதில் இதுதான். முழுக்கத் தாண்டலாம், இல்லை இப்படித் தள்ளிப்போடலாம். எது உங்களுக்கு என்று முன்கூட்டிச் சொல்கிற மருத்துவர் யாரும் இல்லை.

மகனுக்கு 11 வயது. இந்தக் குடும்ப வரலாற்றுக்கு, வெறும் வயிற்றில் ஒரு முறை கொழுப்புப் பரிசோதனை இப்போது பார்த்துவிடுவது நல்லது. 9 முதல் 11 வயது அதற்குச் சரியான காலம். உங்கள் லிட்டில் ஏ அதிகமாக வந்தால் அவனுக்கும் அதை ஒரு முறை பாருங்கள். 'தாத்தாவுக்கு வந்தது உனக்கும் வரும்' என்று அவன் காதுபட யாரும் பேச வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் டியூஷன் நேரத்துக்கும் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று புகார் சொல்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். நான் அந்தப் பையன்கள் கட்சி.

பிரஷரை வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள், ஒரு தடவை பார்த்த 138/88ஐ வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மூன்று மாதம் கழித்து அதே லேபில், அதே மாதிரி வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். ரிப்போர்ட்டோடு எனக்கு எழுதுங்கள். இந்த முறை டேப் வைத்து அளந்த இடுப்பளவை எழுதுங்கள், பேன்ட் சைஸ் வேண்டாம்.